பாடுவதற்கு ஏற்ற வானிலை

ஹைதராபாத்காரர்களுக்குப் பெருமை பேச வேறு எதுவும் அகப்படாவிட்டால் வெதரைப் பற்றிப் பேசுவார்கள். "எங்க ஊர் வெதர் மாதிரி வராது" என்று சொல்லாத ஆளை நான் இங்கே பார்த்ததில்லை. தார்நாகாவில் நான் வேலை பார்த்த ஆபீஸுக்கு வடக்கிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள்கூட, வீடு பார்த்து சாமான் இறக்குவதற்குள் அதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் உள்ளே போன புகை, ஓய்வு பெற்ற பிறகுதான் தன் வேலையைக் காட்டியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது குணமாகிற சமாசாரம் இல்லை, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் காற்றும் சீதோஷ்ணமும் ஒத்துழைக்க வேண்டும் என்றார். மாத்திரையை வாங்கிவிடலாம். சீதோஷ்ணத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாள் விடிவது ஒரே கேள்வியோடுதான். அவர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார். நான் அடுக்களை ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்வேன். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் வீடு. அந்த ஜன்னலில் ஒரு முழம் வானமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். எனக்கு அது போதும். மகள் கொண்டாப்பூரிலிருந்து போனில் பார்த்துச் சொல்லும் வானிலையைவிட என் கை சரியாகச் சொல்லும்.

அப்படித்தான் ஊருக்கு ஒரு நல்ல வானிலை, எங்களுக்கு ஒரு நல்ல வானிலை என்று ஆகிப்போனது.

கோடையில் ஊரே எதிர்பார்ப்பது சாயங்கால மழையை. எங்களுக்கு அது ஆகாது. மழைக்கு முன்னால் ஒரு காற்று கிளம்பும், தெருவிலுள்ள மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு. அந்த அரை மணி நேரத்தில் அவர் படுகிற பாட்டை நான் எழுதப் போவதில்லை. எங்கள் கணக்கில் உயர்ந்த கோடைநாள் என்பது இலை அசையாத, வறட்டு வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். தெருவில் வண்டி ஓடாது, புகை இருக்காது. கூலரின் ஈரக் காற்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை ஓரங்கட்டியாயிற்று. அவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து வேர்த்து ஒழுகுவார், ஆனால் மூச்சு சீராக வரும். நான் வெந்து அவிந்துபோவேன். "நல்ல நாள்" என்பார். "ஆமா, அரிசியைக் கையில வச்சாலே சோறாயிரும்" என்பேன்.

மிருகசிர கார்த்தியன்று இந்த ஊரில் மீன் சாப்பிடுவார்கள். அன்றோடு கோடை முடிந்தது என்று அர்த்தம். கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மாள் வருஷா வருஷம் விரால் குழம்பு கொண்டுவந்து கொடுப்பாள். கொடுக்கும்போதே, மூச்சுக்காரர்கள் அன்றைக்கு மருந்தோடு உயிர்மீனை விழுங்குவார்கள், சாரையும் கூட்டிக்கொண்டு போ என்பாள். அவர் உள்ளேயிருந்து, "நக்கோ, வேண்டாம் அம்மா, நான் பேசுறதுக்கே மூச்சு இல்ல, உள்ள போன மீனு எப்படி மூச்சு விடும்?" என்று கத்துவார். கத்தியதற்குத் தண்டனையாக இருமல் வரும். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே அது அடங்குவதற்காகக் காத்திருப்போம்.

மழைக்காலம் எங்களுக்குச் சுவரில் பூஞ்சணம். விடாத தூறல் ஆகாது. கொட்டித் தீர்த்துவிட்டு உடனே வெளுத்து வெயிலடிக்கிற நாள் வந்தால் பாய், தலையணை, அவர் என்று எல்லாவற்றையும் மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்.

தீபாவளிக்கு மட்டும் மழை வேண்டும், அதுவும் சரியாகச் சாயங்காலம். சந்துப் பிள்ளைகள் வாங்கி வைத்த பட்டாசெல்லாம் நனைந்து நாசமாகப் போக வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன். ஒருமுறை அப்படியே நடந்தது. வாசலில் பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். எனக்குக் கொஞ்சமும் மனம் கூசவில்லை. மற்றவர்களுக்குக் கெட்டது என்பதைக் கேட்டு வாங்குவது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

எல்லாவற்றிலும் கொடியது குளிர்காலம். ஊர் பெருமைப்படுவதும் அந்தக் குளிர்காலத்தைத்தான். ஸ்வெட்டரும் மப்ளரும் மாட்டிக்கொண்டு, வாயில் புகை வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்ப்பார்கள். காவல்காரர்கள் சருகையும் கிழிந்த டயரையும் கொளுத்திக் குளிர்காய்வார்கள். பனியும் புகையும் சேர்ந்து சந்துக்குள் இறங்கி, போக வழி தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் வரும். கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்து வைப்பேன். அவர் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உறங்குவார்.

அந்தக் குளிர்காலத்துக்கு நடுவில்தான் கிறிஸ்மஸ் வருகிறது.

எங்கள் கோயிலில் கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனைக்குப் பாடகர் குழு உள்ளே உட்கார்ந்து தொடங்குவதில்லை. எல்லாரும் வெளியே கேட்டருகில் கூடி, பாடிக்கொண்டே கோயில் வளாகத்தை ஒரு சுற்று நடந்து, பிறகுதான் வாசல் வழியாக உள்ளே நுழைவார்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்த முதல் குடும்பங்கள் தொடங்கிய வழக்கம் என்பார்கள். அந்தச் சுற்றில் நடந்து பாடாதவர் அன்றைக்குப் பாடகர் வரிசையில் உட்காரக் கூடாது. குழுத் தலைவரே ஆனாலும் அதுதான் சட்டம். என் வீட்டுக்காரர் வாலிப வயதிலிருந்து பேஸ் என்கிற அடிக்குரல் பாடியவர், கடைசி வரிசையில் நடப்பவர். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையை நான் முதலில் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். மூச்சு கெட்ட பிறகு சில வருஷங்களாக அவர் கதவோரக் கடைசிப் பெஞ்சில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு வரும்போது உதடு மட்டும் அசையும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதைவிட வேறு எந்தத் தண்டனையும் எனக்குத் தேவையில்லை.

போன வருஷம் தீபாவளி கழிந்ததும், "இந்த ஒரு கிறிஸ்மஸுக்கு நடந்துட்டா போதும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அலமாரியிலிருந்து பாடகர் குழுவின் வெள்ளை அங்கியை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டார். காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பார்த்தார். இரண்டாவது வரியில் மூச்சு அறுந்துவிடும். குளிர் இருந்தால் நடக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் குளிராத ஒரு கிறிஸ்மஸ் வேண்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்தேன். கோயிலில் எல்லாரும் நல்ல குளிருக்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் எதிர் மனு போட்டுக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் எங்கள் வானம் மூடிக்கொண்டது. மழை இல்லை, காற்று இல்லை, பனி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை மாட்டுக்குப் போர்த்திய சாக்குக்குள் விட்டதுபோல் கதகதப்பாக இருந்தது. ஊரே முகம் சுளித்தது. "குளிரே இல்ல, கிறிஸ்மஸ் மாதிரியே இல்ல" என்றாள் மகள். "வெதர் பூரா கராப் ஆயிடுச்சு" என்றார் பால்காரர். என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடிக்காமல் நின்று மூன்று வரி பாடினார். டிசம்பரில் அதைவிட உயர்ந்த வானிலையை நான் கண்டதில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். என் உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். மனைவி போன பிறகு, தாமிரபரணிக் கரையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தான்.

"எக்கா, இங்க விடாம பெய்யுது. ஆறு நெறஞ்சு போவுது. அங்க எப்படி?"

"இங்க மழையே இல்லடே. மூடிக்கிட்டு நிக்கி. குளிரு பறந்துட்டு. அத்தான் பாடுதாங்க, நாளைக்கு நடக்கப் போறாங்க."

"அப்படியா! கேக்கவே சந்தோசமா இருக்கு."

"இந்த மேகம் நாளைக்குக் காலைல வரைக்கும் கலையாம நிக்கணும். நீ ஜெபம் பண்ணு."

"பண்ணுதேன்க்கா. அத்தான் பாடட்டும்."

வெள்ளம் வருமா, பத்திரமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. ஐப்பசி கார்த்திகை தொட்டு அங்கே மழை பெய்யும், ஆறு நிறையும், பிறகு வடியும். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்ததுதான்.

மறுநாள் விடியுமுன் அவர் நடந்தார். மருமகன் காரில் கேட் வரைக்கும் கொண்டுவிட்டார். கடைசி வரிசையில், கூட நடந்தவரின் முழங்கையைப் பிடித்தபடி அவர் வளாகத்தைச் சுற்றி வந்தார். கோயிலின் பின்பக்கம் திரும்பும்போது எனக்கு அவர் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. அதற்கு அடியில் அவர் குரல் இருக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருந்தது. வாசலில் நுழைந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் வாய் பாடிக்கொண்டிருந்தது. பாடகர் வரிசையில் போய் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முழுக்க நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குச் சொல்லலாம் என்று போன் செய்தேன். கிடைக்கவில்லை. நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. சாயங்காலம் டிவியில் எங்கள் ஊர்ப் பக்கத்தைக் காட்டினார்கள். பேருந்து நிலையத்தில் படகு போனது. பிறகு ரயில் இல்லை, சாலை இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள்ளேயே அவனைக் கண்டெடுத்ததாகத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். வைத்திருக்க முடியாது என்றார்கள்.

பக்கத்து மாடிவீட்டுக்காரர்தான் என்னிடம் சொன்னார். தண்ணீர் தெருவுக்குள் ஏறியதும் அவர் இறங்கிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். தம்பி நாற்காலியின் முன் முழங்கால் போட்டிருந்தானாம். "நீங்க மேல போங்க, ஜெபத்தை முடிச்சிட்டு வாரேன்" என்றானாம். அதற்குப் பிறகு ஆறு ஒரேயடியாக உள்ளே வந்திருக்கிறது.

கடலில் உண்டாகிற காற்றழுத்தத் தாழ்வு என்னைக் கேட்டு வருவதில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். இங்கே வெதுவெதுப்பாக நின்ற மேகமும் அங்கே கொட்டிய மேகமும் ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் என்ன ஜெபம் செய்துகொண்டிருந்தான் என்று மாடிவீட்டுக்காரருக்குத் தெரியாது. அக்கா ஒன்று சொன்னால் தட்டாதவன் அவன்.

வீட்டுக்காரரிடம் போனில் பேசியதைச் சொல்லவில்லை, அவன் முழங்கால் போட்டிருந்ததையும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பாட்டும் அவருக்கு இல்லாமல் போகும். மச்சானுக்காக அவர் அழுதார். ஆனால் அந்தக் காலைநேரத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். ஆண்டவர் தனக்கென்று அனுப்பிய வெதர் என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் காபி போட எழுந்துபோய்விடுவேன்.

இப்போது மறுபடியும் டிசம்பர். இந்த வருஷம் அவர் கழிவறைக்குப் போய்த் திரும்பவே நின்று நின்றுதான் வருகிறார். ஆனாலும் அங்கி துவைத்து மடித்துத் தலைமாட்டில் இருக்கிறது. இன்று காலை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன். விரல் விறைத்தது.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"குளிருது."

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "போன வருஷம் மாதிரி மேகம் வந்தா இன்னொரு தடவை நடந்துருவேன். நீ ஜெபம் பண்ணு."

"பண்ணுதேன்" என்றேன்.

அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியின் முன் முழங்கால் போட்டேன். வானம் ஒரு பொட்டு மேகமில்லாமல் வெளுத்துக் கிடக்கட்டும், அந்தக் கடல்வரைக்கும் வெளுத்துக் கிடக்கட்டும், நல்ல குளிராக இருக்கட்டும் என்று கேட்டேன். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.