பிரசவத்துக்கு எத்தனை மார்க்?

பிள்ளை பெற்ற களைப்பு தீராதவளிடம் போய், "பிரசவம் திருப்தியா? பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பதுதான் எங்கள் தொழில். பல நாட்டுத் தாய்மார்களிடமும் இதே கேள்விகள்தான். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்களில் நாகர்கோவில் பக்கம் அதைக் கேட்டு அலைந்தவள் நான். சர்வேக்கு அலைந்த தோழிகளே, உங்களுக்குத் தெரியாத பாடா!

எல்லாம் பத்து

கடற்கரை ஊர்க்காரி ஸ்டெல்லா, முந்தின நாள்தான் பெற்றிருந்தாள். டாக்டருக்குப் பத்து, கட்டிலுக்குப் பத்து, கக்கூசுக்கும் பத்து. பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தார். இப்படியும் ஓர் ஆஸ்பத்திரியா என்று பூரித்து எழுந்தேன். ஸ்டெல்லா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எக்கா, வீட்டுக்கு வந்து கேளுங்க. உள்ளத அங்க சொல்லுதேன்."

கணவர் துணையாக இருந்தாரா?

வீட்டுக்குப் போய் இதைக் கேட்டேன். இந்தக் கேள்வியை எழுதிய நாட்டில் கணவன்மார் பிரசவ அறைக்குள் நிற்பார்களாம். ஸ்டெல்லாவின் கணவரோ துபாயில். ஆனாலும் நர்ஸ் இரக்கப்பட்டுப் போனை அவள் காதில் வைத்திருக்கிறார். இவள் அலறியதைக் கேட்டு அங்கே அவர் அழ, இவளை விட்டுவிட்டு அவரைத் தேற்றியிருக்கிறார் நர்ஸ். சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று முகம் மாறினாள்.

"போன உள்ள விட்டாவ. வாசல்ல நின்ன எனக்க அம்மைய விடல்லியே அக்கா! அதுக்கு சைபர் போடுங்க."

சைபர் போன வழி

அவள் தங்கை லீமா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதே ஆஸ்பத்திரிதான். லீமாவும் தனியாகக் கிடந்து தவிக்கக் கூடாது என்பதே ஸ்டெல்லாவின் கவலை. எங்கள் சர்வே அறிக்கை வெளிநாட்டுக்குப் போய் வரட்டும், மெல்ல மாறும் என்றேன். "அதுக்குள்ள அவ பெத்துருவா" என்றாள்.

தடுப்பூசிக்கு வந்த அன்று, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். அங்கே மார்க் கேட்டுக்கொண்டிருந்த நான் பின்னாலேயே ஓடினேன். "நான் போட்ட பத்தெல்லாம் பயத்துல போட்டது டாக்டர். எனக்க தங்கச்சிகூட அம்மைய நிக்க விடுங்க" என்றாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, இனி பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் நிற்கலாம் என்றார். ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

லீமாவுக்கும் சுகப்பிரசவம். அவளிடமும் மார்க் கேட்டேன்.

"உள்ள வந்து நின்னு அம்மை என்னைய ஒரே ஏச்சு அக்கா. ஆனாலும் கைய விடல்ல பாத்தியளா, பத்தே போடுங்க."

நாடு நாடாகத் திருப்தியை அளந்து சம்பளம் வாங்கியது நாங்கள். அதை ஓர் ஆஸ்பத்திரியில் உண்டாக்கிக் காட்டியது சைபர் போட்ட ஸ்டெல்லா.