அரசாங்க நாய்க்கு ஓர் அறை

ஓமந்தைப் பொலிஸ்காரர் அப்புத்துரை கெட்ட மனிதர் அல்ல. யாரையும் அடித்து வாக்குமூலம் வாங்கியதில்லை. திருவிழாவில் குடித்து விழுந்தவர்களைச் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விட்டவர். கண்டியில் பொலிஸ் நாய்ப் பயிற்சி முடித்து, 1962இல் சீசர் என்ற அல்சேஷன் நாயோடு ஊர் திரும்பினார்.

நாய் தன்னைக் கையாளும் பொலிஸ்காரரின் வீட்டிலேயே வளர வேண்டும் என்பது மேலிடத்து ஏற்பாடு. அங்கே அதற்கு நல்ல அறை இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார். இல்லையென்றால் சீசர் வேறு கைக்குப் போய்விடும். அப்புத்துரை அதைப் பிள்ளைபோல வைத்திருந்தார்.

மனைவி விமலேஸ்வரி, நெல்மூட்டை அடுக்கிய பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார். அறையின் பெயர்ந்து கிடந்த மண் நிலத்தைச் சாணியால் மெழுக, வயல்வேலைக்கு வரும் இலட்சுமியைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்குள் கால் வைக்க விடாத சாதி அவளுடையது. நாய்க்கென்று ஒதுக்கிய அறை என்பதால் நுழையலாம் என்று விமலேஸ்வரி தீர்ப்புச் சொன்னார்.

மத்தியானம் அவள் தண்ணீர் கேட்டாள். வழக்கமாக அவளுக்கு ஊற்றும் தேங்காய்ச் சிரட்டை வெடித்திருந்தது. அப்புத்துரை இரக்கப்பட்டு, அரசாங்கம் தந்த எனாமல் சட்டியைத் தேய்த்துக் கழுவி நிறைய அள்ளிவந்து நீட்டினார். அவளுக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தார்.

இலட்சுமி சட்டியைப் பார்த்தாள். வாசலில் படுத்திருந்த நாயையும் பார்த்தாள்.

"இது சீசர் குடிக்கிறதெல்லோ, நயினார்?"

"நல்லா விளக்கினது, பிள்ளை. சிரட்டையைவிடத் திறம்."

"அப்ப அவருக்குச் சிரட்டையில வையுங்கோ. எனக்குச் செம்பில தாங்கோ."

"வாய் நீண்டு போச்சு அவளுக்கு," என்றார் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த விமலேஸ்வரி.

இலட்சுமி சாணிக் கையோடு போய்விட்டாள். நிலம் பாதி ஈரம், பாதி புழுதி.

வியாழன் மாலை அப்புத்துரை அவள் குடிசை வாசல் படலையில் போய் நின்றார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறார். விடிய வந்து முடிச்சுத் தா."

"வாறன். உங்கட கிணத்தில நானே அள்ளிக் குடிப்பன். ஓம் எண்டாச் சொல்லுங்கோ."

அந்தக் கிணற்றடியில்தான் சீசர் தினமும் குளித்தது. வாளியில் வாய் வைத்தும் குடித்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கச் சொல்லி ஊரில் ஒருவரும் வரவில்லை. நாயை விட்டுவிட்டு மனிதரை மட்டும் தேடிப் பிடிக்கிறதாம் தீட்டு. இதை நம்புகிறவர்கள்தான் நம்மிடையே படித்தவர்கள், பக்திமான்கள். அப்புத்துரைக்கும் இது பொய் என்று தெரியும். 'ஓம்' தொண்டைவரை வந்தது. அயலவர்களின் முகங்களை நினைத்தார். சைக்கிளைத் திருப்பினார்.

விடியமுன் காக்கிக் காற்சட்டையை மடித்துவிட்டு, முழந்தாளிட்டு, மிச்ச நிலத்தைத் தன் கையாலேயே மெழுகினார். ஒரு வாளித் தண்ணீரை விட்டுக்கொடுப்பதைவிட அவருக்கு அது சுலபமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு அறை பிடித்துப்போனது.

"நல்லா மெழுகியிருக்கு. ஆர் செய்தது?"

"நான்தான், சேர்."

"நாயில அவ்வளவு அன்போ?"

வேலிக்கு வெளியே இலட்சுமி வேறொருவரின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த அறையின் நிலத்தில் பாதியை மெழுகியவள். பேச்சுக் கேட்டு நின்று திரும்பினாள்.

அப்புத்துரை சீசரின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்பவர்போலக் குனிந்தார். அவள் போன பிறகும் நிமிரவில்லை.