அக்காவின் நான்காம் வேற்றுமை

எங்கள் திரைச்சீலைக் கடையின் பின்னறையில் நான் துணி வெட்டுவேன், அக்கா தைப்பாள். சாயங்கால வெயில் தொங்கும் துணிகளின் வழியே நுழைந்து அறையே நீலமும் பச்சையுமாகத் தளும்பும். அந்த நேரத்தில் மிஷினோடு சேர்ந்து அவளும் முணுமுணுப்பாள்.

"எவ்... எவி... எவே... எவ்தே... எவ்தென்..."

"யாருக்கு மந்திரம் போடற?"

"வீடுடி. வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டுல, வீட்டிலிருந்து. தமிழ் மாதிரியே துருக்கியிலயும் எல்லாத்தையும் வால்ல ஒட்டிக்கிறாங்க."

"அப்ப அறையில?"

"ஓதாதா. 'தே' இங்க 'தா' ஆயிடும். சொல்லுல என்ன ஓசையோ, வாலும் அதே ஓசையில வரும். துணிக்கேத்த நூல் போடறோமே, அப்படி."

எல்லாம் கம்பிக்காரருக்காக. எங்கள் கடைக்குத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்த துருக்கிக்காரர். தமிழை எங்கள் சண்டைகளிலிருந்தே கற்றவர், அதனால் திட்டுவதில் மட்டும் தடுமாற்றமே கிடையாது. தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரோடு போய்விட்டார். கிளம்பும்போது அக்காவிடம், "என்னோட வந்துடறியா?" என்று கேட்டார். நாற்பதைத் தாண்டியவள் முகம் சிவந்து, "உங்க பாஷையிலயே பதில் சொல்றேன்" என்றாள்.

ஆறப்போட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். எங்கே! சாப்பிடும்போதும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பாதித் தையலில் கை நின்று, கண் ஜன்னலுக்கு வெளியே எங்கோ போய்விடும். நான் பேசுவது காதில் விழாது. அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது.

தப்புக்கும் குறைவில்லை. ஒருமுறை போனில் அவரிடம், 'வீட்டுக்கு வருகிறேன்' என்பதற்கு 'எவ்தென் கெலியோரும்' போட்டு, வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். "கிளம்பிட்டியா? எங்க இருக்க?" என்று அவர் பதறினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கூப்பிட்டபோது மிஷினை நிறுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"எவிமிஸே கெலியோரும்."

கேட்டுக் கேட்டு எனக்கும் புரிந்துவிட்டது. நடுவில் ஒரு 'இமிஸ்' புதிதாக வந்திருந்தது. அந்த வீடு ஒருவருடையது இல்லை, ஒருவருக்கு மேற்பட்டவர்களுடையது.

 அவர் தமிழில் கேட்டார்.

"எங்க வீட்டுக்குன்னு சொன்னியா, நம்ம வீட்டுக்குன்னு சொன்னியா?"

அவர் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'எங்க வீடு' என்றால் அக்காவும் நானும் இருக்கிற இந்த வீடு. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையசைத்தால் போகமாட்டாள், எனக்குத் தெரியும். பாழாய்ப்போன கண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லித் தொலையேன்" என்றேன்.

"நம்ம வீட்டுக்கு" என்றாள் அக்கா.

பிறந்ததிலிருந்து அவள் சொன்ன 'நம்ம'வில் எல்லாம் நான் இருந்தேன். இதில் இல்லை.