வெள்ளம் வேண்டாத செடிகள்

வடசேரியில் காய்கறிப் பையோடு பேருந்துக்கு நின்றபோது சிதம்பரம் அண்ணன் போனில் அழைத்தார். “பகவதி போயிட்டா டீச்சர்” என்றார். மனைவி இறந்ததைச் சொல்லும் மனிதரிடம் “சரிண்ணே” என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து அலுத்திருந்த எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை.

பகவதி டீச்சரை, அவரிடம் படித்த உங்களில் பலர் பூகோளப் பாடத்தோடு நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு அவர் தண்ணீரோடுதான் நினைவுக்கு வருகிறார். சேலத்திலிருந்து நான் மாற்றலாகி வந்த முதல் நாள், “வெள்ளம் வேணுமா மக்கா?” என்று கேட்டார். நான் பதறி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆசிரியர் அறையே சிரித்தது. இந்த ஊரில் குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம் என்று சொல்லிச் செம்பை நீட்டினார்.

பகவதி அக்கா சென்னையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டு மொட்டைமாடியில் செடித்தொட்டிகள் உலகப்படம் போல அடுக்கியிருக்கும். இடப்பக்கம் அமெரிக்கா: சப்பாத்திக்கள்ளி, ஆனைக்கற்றாழை. நடுவில் ஆப்பிரிக்காவும் அரேபியாவும்: அடீனியம், சோற்றுக்கற்றாழை. வலது ஓரத்தில் நம்மூர் சதுரக்கள்ளி. எல்லாவற்றையும் கள்ளி என்று சொன்னால் கோபம் வந்துவிடும். “சதுரக்கள்ளி ஆமணக்குக்குச் சொந்தம். சப்பாத்தி கடல் தாண்டி வந்தவா. முள்ளு இருந்தா எல்லாம் ஒரே குடும்பமா?” என்பார். ரணகள்ளிக்கு மட்டும் தனிச் செல்லம். “இவா மடகாஸ்கர்காரி. ஒரு இலை விழுந்தா போதும், அங்கயே குடும்பம் நடத்திருவா.” ஊரே மழைக்குக் காத்திருக்கும்போது, செடிகள் அழுகிவிடுமே என்று இவர் ஒருவர்தான் வானத்தைத் திட்டுவார்.

சிறுநீரகம் பழுதானபின் டாக்டர் அவர் குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்துவிட்டார். “இப்ப நானும் பாலைவனத்துக்காரிதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. கடைசி மாதங்களில் யார் போனாலும், “ஒரு மடக்கு வெள்ளம் தா மக்கா” என்று கையைப் பிடிப்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் ஓய்ந்துபோனோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாடிக்குப் போனேன். தொட்டியெல்லாம் தண்ணீர். அமெரிக்கா முழுக்க அழுகிச் சரிந்திருந்தது. அடீனியத்தின் தண்டு விரல் பட்டதும் குழைந்தது. அண்ணன் குடத்தோடு நின்றிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. “தண்ணி விடக்கூடாதுன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களேண்ணே?”

“தெரியும் டீச்சர்” என்றார். “கீழ அவா கேப்பா, இல்லன்னு சொல்லுவேன். பொறவு நேரா இங்க ஏறி வருவேன். அவளுக்குத்தான் குடுக்க முடியல்ல, இதுகளாவது குடிக்கட்டும்னு விட்டேன். இப்பவும் கை நிக்கமாட்டேங்கு.”



கைப்பிடிச் சுவரில், மண்ணும் ஈரமும் இல்லாமல் ஒரு ரணகள்ளி இலை கிடந்தது. அதன் ஓரமெல்லாம் குட்டிச் செடிகள். அதை எடுத்துவந்து என் ஜன்னலில் வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இலையும் ஒரு சொல்லும்தான். நேற்று மாத்திரை விழுங்க, “வெள்ளம் எடுத்துட்டு வா” என்று மகளிடம் கேட்டேன். கேட்டதும் கொண்டுவந்து கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை.