கேர்ஸ்டன்மூர் வீட்டில் இரண்டு பேர்

இது நடந்தது. கதை கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சயந்தினியைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேய் என்று யாராவது வாயெடுத்தாலே விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். இப்போது அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுகிறாள். இதில் வருகிற ஜெர்மன் குடும்பப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். உண்மையான பெயரை எழுத எனக்குத் துணிவில்லை. ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

சயந்தினியும் கணவன் பிரஷாந்தனும் மெல்பேர்னில் டார்னெய்ட் பக்கம் இருக்கிறார்கள். அவளுக்கு வேலை, மற்றவர்களின் பூர்வீகம் தேடிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். நடத்துபவர் கிரிஜா, கோயம்புத்தூர்க்காரர். இந்த நாட்டில் இது நல்ல தொழில். வெள்ளைக்காரர்கள் முப்பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று தேடித் திரிகிறார்கள். எங்கள் ஆட்களோ பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் முன்னுக்கு, எது பின்னுக்கு என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆய்வாளர் கிரிஜாவுக்கு எழுதியிருந்தார். கேர்ஸ்டன்மூர் என்று ஒரு குடும்பப் பெயர். வடக்கே சதுப்பு நிலத்தை ஒட்டி, பார்லி விளைந்த ஒரே ஒரு பண்ணையிலிருந்து வந்த பெயராம். உலகத்திலேயே அந்த ஒரு வீட்டார்தான். 1854இல் நாலு சகோதரர்கள் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்துவிட்டார்கள். ஊரில் பெயர் அத்தோடு சரி. இங்கே பெருகியது. 1911இல் நூற்றுப் பதினெட்டுப் பேர். பிறகு உலகப் போர் வந்தது. ஜெர்மன் பெயர் வைத்திருந்தால் கடையில் சாமான் தரமாட்டார்கள், கல்லால் எறிவார்கள் என்ற நிலைமை. ஆளாளுக்கு ஆங்கிலப் பெயருக்கு மாறினார்கள். இப்போது எத்தனை பேர் மிச்சம்? அதுதான் அவருடைய கேள்வி.

கிரிஜா அனுப்பிய பட்டியலில் மூன்று வரிகள் இருந்தன. முதலாவது, ஜீலோங்கில் ஐம்பத்தைந்து வயது ஆண். மார்ச்சில் செத்துப்போனார். இரண்டாவது, பலரட்டில் தொண்ணூற்றொரு வயதுப் பெண். மே மாதம் இறந்துவிட்டார். இருவருக்கும் கல்யாணம் இல்லை, பிள்ளையும் இல்லை.

மூன்றாவது வரி: எச். கேர்ஸ்டன்மூர். விலாசம் வெரிபீக்கு அப்பால், கடைசிப் புது வீட்டுத்திட்டத்தையும் தாண்டி ஒரு மண் ரோடு.

ஜூன் பத்தாம் திகதி, வெள்ளிக்கிழமை. சயந்தினிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. நாலு வருடம் காத்திருந்து, இரண்டு தரம் கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. "வெள்ளனத் திரும்பி வா" என்று பிரஷாந்தன் காலையிலேயே சொல்லித்தான் விட்டான்.

பின்னேரம் மூன்று நாற்பதுக்கு அவள் அந்த வீட்டின் முன் காரை நிறுத்தினாள். தூறல். பழைய பலகை வீடு. பக்கத்தில் ஒரு பைன் மரம். சுற்றிவர வெறும் புல்வெளி. கரண்ட் கம்பி எதுவும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதை அவள் கண்டாள். கண்டும் பெரிதாக நினைக்கவில்லை.

கதவைத் தட்டக் கை தூக்கினாள். தட்டவில்லை. கதவு திறந்தது.

கறுப்பு உடுப்பில் ஒரு கிழவி. நிமிர்ந்த முதுகு. இழுத்துக் கட்டிய வெள்ளை முடி.

எங்கள் பழக்கத்தில் சயந்தினி வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். போனதும் திடுக்கிட்டாள். விரிப்பு ஈரம். காலுறை நனைந்து, கீழே எதுவோ குறுகுறுத்தது. கூரை ஒழுகுகிறதாக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மேசையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தது. இரண்டு கோப்பை. ஆவி வரவில்லை. ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டாள். கிழவி தலையாட்டினார். போனை மேசையில் வைத்தாள்.

பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம்.

கிறீச்... கிறீச்...

தொட்டில். மரத்தொட்டில் ஆடுகிற சத்தம். பேரப்பிள்ளை போல என்று நினைத்தாள். அந்த வீட்டில் வேறு யாரும் இருப்பதாகப் பட்டியலில் இல்லையே என்ற யோசனை பிறகுதான் வந்தது.

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

"எங்கள் பெயரில் இப்போது எத்தனை பேர்?" கிழவிதான் முதலில் கேட்டார்.

"என் கணக்கில் நீங்கள் ஒருவர்தான்."

"ஒருவர் போதாது."

கிழவியின் கண் மெல்ல இறங்கியது. சயந்தினியின் வயிற்றில் வந்து நின்றது. அந்தக் கண் இமைக்கவில்லை.

"அதற்கு என்ன பெயர்?"

"பிறக்க முன்னம் நாங்கள் பெயர் வைப்பதில்லை."

"குடும்பப் பெயர்?"

சயந்தினிக்கு இது பழகிப்போன கேள்வி. பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடம். அதே பாடத்தை ஒப்புவித்தாள். "என் பெயருக்குப் பின்னால் இருப்பது என் அப்பாவின் பெயர், விக்னராஜா. பிள்ளைக்கு அதன் அப்பாவின் பெயர் வரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பரம்பரையாக ஓடுகிற குடும்பப் பெயர் எங்களுக்குக் கிடையாது."

"அப்படியானால் அந்த இடம் காலி."

சயந்தினி சிரித்தாள். "அப்படியும் சொல்லலாம்."

அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனை நாள் அழுதாள் என்று பிரஷாந்தனுக்குத்தான் தெரியும்.

தொட்டில் நின்றது.

நிரப்புவதற்கென்று சயந்தினி கொண்டுவந்திருந்த விபரப் படிவத்தைக் கிழவி கையை நீட்டி வாங்கினார். தானே எழுதினார். சாய்ந்த, கூர்மையான எழுத்து. திருப்பிக் கொடுத்தபோது விரல் பட்டது. குளிர் இல்லை, சூடும் இல்லை. எதையும் தொட்டமாதிரியே இல்லை.

சயந்தினி போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போக வேண்டும். உடனே போக வேண்டும். ஏன் என்று தெரியவில்லை. வாசலுக்கு வந்து சப்பாத்தை மாட்டினாள். திரும்பினாள். வாய் தன்பாட்டில் சொன்னது.

"போட்டு வாறன்."

ஆங்கிலத்திலும் சொன்னாள். திரும்பி வருகிறேன் என்று.

எங்கள் ஆட்கள் யாரும் 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். எங்கே போனாலும் 'போட்டு வாறன்'தான். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது செத்தவீடு என்று அவளுக்கு யார் சொன்னது?

கிழவி முதல்தடவையாகச் சிரித்தார்.

"இரண்டு பேருமாக வாருங்கள்."

காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டினாள். மணியைப் பார்த்தாள். ஐந்து பன்னிரண்டு. இருபது நிமிடம்தான் இருந்தேன் என்று நினைத்தவளுக்கு மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எங்கே போனதென்று புரியவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

காரை எடுத்துக்கொண்டு பின்கண்ணாடியில் பார்த்தாள். பைன் மரம் தெரிந்தது. வீட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.

அப்போதுதான் கவனித்தாள்...

பிள்ளை அசையவில்லை.

எப்போதும் கார் ஓடும்போது உதைக்கிற பிள்ளை. வயிற்றைத் தட்டினாள். தடவினாள். ஒன்றுமில்லை. அழுதுகொண்டே போன் எடுத்தாள்.

"பிரஷா, பிள்ளை அசையேல்லை."

"எங்க நிக்கிறாய்?"

"வந்துகொண்டிருக்கிறன். பயமாக் கிடக்கு பிரஷா."

"நேர ஆஸ்பத்திரிக்கு வா. நான் அங்க வாறன்."

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தாதி கருவியை வயிற்றில் வைத்துத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். ஏழு ஐந்துக்கு... ஒரு உதை. பிறகு இதயத் துடிப்பு. பிரஷாந்தன் எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதான்.

தாதி சயந்தினியின் காலுறையைக் கழற்றினாள். "புல்லுக்குள் நடந்தீர்களா?" என்று கேட்டாள். காலுறை முழுக்கச் சேறு. ஊசி ஊசியாகப் புல்விதை.

காலில் சப்பாத்தோடுதானே அவள் அந்த வீட்டுக்கு வெளியே நடந்தாள். காலுறையோடு நடந்தது வீட்டுக்குள் மட்டும்தான்.

பையிலிருந்து படிவத்தை எடுத்து, கிழவி எழுதியதைப் பார்த்தாள்.

இந்த வீட்டில் இப்பெயர் உடையோர்: 2.

அடுத்த நாள் பிரஷாந்தன் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து கதிரையில் இருந்தான்.

"அங்க வீடே இல்லை" என்றான். "பைன் மரம் நிக்குது. அதுக்குக் கீழ நாலு செங்கல் கிடக்கு. அவ்வளவுதான்."

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அதில் சயந்தினியின் குரல் மட்டும்தான். கேள்வி இல்லை. பதில்கள் மட்டும். அவளுக்கு ஞாபகமே இல்லாத பதில்கள். பிரஷாந்தனின் முழுப்பெயர். எந்த ஆஸ்பத்திரி. பிள்ளை எப்போது...

"ஓகஸ்ட் பதினேழு."

வைத்தியர் கொடுத்திருந்த திகதி ஓகஸ்ட் இருபத்தொன்பது.

பிரஷாந்தன் அந்த ஒலிப்பதிவை அங்கேயே அழித்தான். சயந்தினி கிரிஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அந்த மூண்டாவது ஆள்..."

"மூணாவதா? நான் ரெண்டு பேர்தானே அனுப்பினேன் சயந்தினி?"

கிரிஜா சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேர்ஸ்டன்மூர் குடும்பம் போய்வந்த தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதன் படங்களை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்துச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியவள் ஹன்னா கேர்ஸ்டன்மூர். பட்டியலில் இருந்த அந்த எச்., அந்த மண் ரோட்டு வீட்டுக்காரி. 1931 ஜூனில் செத்துப்போனாள். பிள்ளை இல்லை. பெயர் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"ஆனா முடியல. அதே வருஷம் ஒரு குழந்தை பதிவாகியிருக்கு. அந்த பலரட் பாட்டி. 1967ல இன்னொண்ணு. ஜீலோங்காரர். ரெண்டுக்குமே அந்த வீட்டு அட்ரஸ்தான். அம்மா அப்பா பெயர் போடுற இடம் மட்டும் வெறுமையா இருக்கு."

அந்த இரவே இருவரும் முடிவெடுத்தார்கள். பிறக்க முன்னம் பெயர் வைக்கக்கூடாது என்ற வழக்கத்தைத் தூக்கி மூலையில் போட்டார்கள். பெண் என்றால் ராகவி. குடும்பப் பெயர் பிரஷாந்தன். எழுதிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார்கள். அந்த இடம் காலி இல்லை என்று சயந்தினி தினமும் வயிற்றைத் தொட்டுச் சொன்னாள்.

ஓகஸ்ட் பதினேழு. பின்னேரம் ஐந்து பன்னிரண்டு. ராகவி பிறந்தாள்.

சுகமாகப் பிறந்தாள். நல்லாக வளர்ந்தாள். பிறப்புச் சான்றிதழில் ராகவி பிரஷாந்தன் என்று சரியாகவே இருந்தது. சயந்தினி வேலையை விட்டாள். வெரிபீ பக்கமே போவதில்லை. பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது.

சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று இருபது. நல்ல வெயில். சயந்தினி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வயது ராகவி ஹோலில் பொம்மையோடு இருந்தாள்.

போன். கிரிஜா.

"சயந்தினி, உட்கார்ந்துக்கோங்க."

"என்னக்கா?"

"அந்த ஜெர்மன்காரர் எழுதியிருக்கார். அந்த ஞானஸ்நானப் புத்தகத்துல கடைசிப் பதிவை நான் விட்டுட்டேனாம். மூணு வருஷத்துக்கு முந்தி அது இல்ல. நான் என் கண்ணால பார்த்தேன், இல்லவே இல்ல."

"என்ன பதிவு?"

கிரிஜா படத்தை அனுப்பினார்.

1967க்குக் கீழே, மங்கிய மையில், மூன்றாவதாக ஒன்று. பெண் குழந்தை. ஓகஸ்ட் 17. பின்னேரம் 5:12. பெற்றோர் பெயர் வெறுமை. விலாசம் அதே வீடு. குடும்பப் பெயர் கேர்ஸ்டன்மூர்.

சாய்ந்த, கூர்மையான எழுத்து.

சயந்தினியின் கையிலிருந்து போன் விழுந்தது.

ஹோலில் ஒரு சத்தம்.

கிறீச்... கிறீச்...

ஓடினாள். ராகவி நிலத்தில் இருந்து பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. இமைக்கவில்லை.

"அம்மா..."

"என்ன குஞ்சு?"

"வாறன் எண்டு சொன்னனீங்கள்தானே. எப்ப போறம்?"