வாந்தி மாத்திரை யாருக்கு?

நாற்பத்து மூன்று வயதில் பத்தொன்பது வருடங்களை, ஒத்தக்கடையில் ஒரே மருந்துக் கடையில் நின்றபடியே கழித்திருக்கிறார் பாண்டிமீனா. காலையில் திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவருடைய மருந்தாளுநர் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் இளவயதுப் படம் வேறு யாருடையதோ என்று முதலாளி வெள்ளைத்துரை இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதில் இருவருக்கும் பழைய சண்டை உண்டு. பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பக்கத்தை பாண்டிமீனா வாங்க வந்தவரிடம் கொடுத்துவிடுவார். மொட்டைத் துண்டு கடையில் கிடக்கும்.

"ஊருக்குப் பேருள்ளது, எனக்குப் பேரில்லாததா?" என்பார் வெள்ளைத்துரை.

"நமக்கு டப்பா இருக்குண்ணே. அவங்க வீட்டுக்குப் போயி யார்ட்டக் கேப்பாங்க?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி. மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கடை முன்னால் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் கையை நுழைத்து ஒரு காலி அட்டையை நீட்டினார் செல்வக்குமார். திருவாதவூர்க்காரர், சரக்கு வேன் ஓட்டுகிறார். மனைவி முனீஸ்வரியின் பிரஷர் மாத்திரையை இரண்டு வருடமாக மாதாமாதம் அவர்தான் வாங்கிப் போகிறார். முனீஸ்வரியை பாண்டிமீனா பார்த்ததே இல்லை.

"இதே மாத்திரை முப்பது குடுங்கக்கா. அப்பறம் வாந்திக்கு ஒரு அட்டை. அம்மாவுக்கு."

வாந்தி மாத்திரை கேட்பது இது மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரமும் கூட்ட நெரிசலில் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது தான்தான் என்பது பாண்டிமீனாவுக்கு உறைத்தது.

"அம்மாவுக்கு எப்பத் தம்பி வருது?"

"காலையில எந்திரிச்சதும். தாளிக்கிற வாடை பட்டாலே வெளிய ஓடிருது."

"உங்க வீட்ல தாளிக்கிறது யாரு?"

"அம்மாதான்" என்ற பிறகுதான் செல்வக்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "அக்கா, எனக்கு வயித்தெரிச்சல் மாத்திரைய குடுத்திட்டு விசாரணைய நடத்துங்க. பஸ்ஸு வந்திரும்." கூட்டம் சிரித்தது.

பாண்டிமீனா அவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, செல்வக்குமாரை உள்ளே, ஊசி மருந்து வைக்கும் பிரிட்ஜ் பக்கம் அழைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"முனீஸ்வரிக்கு எம்புட்டு நாளு தள்ளிப் போயிருக்கு?"

செல்வக்குமார் தரையைப் பார்த்தார். "ஒரு மாசம் ஆகப்போகுதுக்கா. மூணு மாசம் முடியாம வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. போன தடவ ஊரெல்லாம் சொன்னோம், கலைஞ்சிருச்சு. கல்யாணமாகி ஒம்பது வருசம்க்கா."

"டாக்டர்ட்டயும் சொல்லலையா?"

"யார்ட்டயும் சொல்லல."

இந்த வழக்கம் பாண்டிமீனாவுக்குத் தெரியும். அவர் தங்கையே அப்படித்தான் இருந்தாள். ஆனால் அந்தக் காலி அட்டையில் இருந்த பெயர், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாத வகையைச் சேர்ந்தது. மாதம் ஏற ஏற அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

"தம்பி, இந்த மாத்திரை வயித்துல புள்ள இருக்கையில ஆகாது. மாத்தணும்."

செல்வக்குமாரின் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. "இப்பயே நிப்பாட்டச் சொல்லிர்றேன். எந்த மாத்திரையும் வேணாம்க்கா."

"போன வைங்க. நீங்களா நிப்பாட்டிட்டு வீட்ல இருந்தா பிரஷர் ஏறும். அது அவளுக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. பதிலுக்கு வேற மாத்திரை இருக்கு. எது, எம்புட்டுன்னு டாக்டர் பாத்து எழுதணும். அத நானும் சொல்லக்கூடாது, நீங்களும் முடிவு பண்ணக்கூடாது."

அடுத்த தெருவில் எட்டு மணி வரை இருக்கும் டாக்டர் மைத்ரேயிக்கு அங்கிருந்தே போன் போட்டார். பதில் சுருக்கமாக வந்தது: இன்றைக்கே கூட்டி வரவேண்டும். பழைய மருந்துச் சீட்டு, வீட்டில் அவள் சாப்பிடும் மாத்திரை, சூரணம் எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வரவேண்டும்.

"அம்மா விடாதுக்கா."

"பிரஷர் மாத்திரைய மாத்தப் போறோம்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே."

வேன் கிளம்பியதும் வெள்ளைத்துரை நிமிர்ந்து பார்த்தார். "வந்த யாவாரத்த அடுத்த தெருவுக்கு அனுப்பிட்ட. நல்லாருக்கு தாயி."

ஏழேகாலுக்கு வேன் திரும்பி வந்து டாக்டர் இருக்கும் தெருவுக்குள் போனது. முன் சீட்டில் மூன்று பேர். எட்டு மணிக்குச் சற்று முன்னால் அந்த மூவரும் புது மருந்துச் சீட்டோடு கடைப் படியேறினார்கள். கூட்டம் கலைந்திருந்தது.

"இவன் பொய் சொன்னா மூக்கு வேர்க்கும்" என்றார் செல்வக்குமாரின் அம்மா ரெங்கம்மாள். "மாத்திரை மாத்தப் போறானாம். அதான் நானும் வண்டியில ஏறிட்டேன்."

அவர் கையிலிருந்த மஞ்சள் பையில் அவருடைய மூட்டு வலி மாத்திரையும் இருந்தது. மருமகளுக்கு இடுப்பு வலி என்று அதைப் பாதியாக உடைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். டாக்டர் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"நல்லதுன்னுதானம்மா குடுத்தேன்" என்றார் பாண்டிமீனாவிடம்.

"உங்களுக்கு நல்லதுதான். உங்க முட்டிக்கு எழுதினது."

முனீஸ்வரி முதல்முறையாக வாய் திறந்தாள். "இதுவரைக்கும் நான் சாப்பிட்டதுல ஏதாச்சும் ஆயிருக்குமாக்கா? டாக்டர் ஆரம்பத்துலயே மாத்திட்டோம், பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்னாங்க. ஸ்கேன் பாக்காம உறுதி சொல்லமாட்டேன்னுட்டாங்க."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல பாண்டிமீனாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. தெரியாததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "டாக்டர் சொன்னதுதான்மா. எனக்கும் அதுக்கு மேல தெரியாது" என்றவர், புது மாத்திரைகளை எடுத்து வைத்தார். எதை எப்போது, எத்தனை என்று முனீஸ்வரியையே சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் இரண்டு தடவை பிரஷர் பார்த்தாயிற்று, கட்டுக்குள் இருக்கிறது. பன்னிரண்டாம் வார ஸ்கேன் வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு.