குடிதண்ணீரில் அளந்த ஜெட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டுவேன், சிலது மறந்தே போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டறையின் மூலை பெஞ்சை நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மறக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

விருதுநகரில் எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை. பாதி என் வீட்டுக்காரருடையது, பாதி கொழுந்தனுடையது. கொழுந்தன் டூவீலர் மெக்கானிக். இவர் பழைய கார்களுக்குக் கார்பரேட்டர் வேலை பார்ப்பார். சிவகாசியில் பிரஸ்ஸும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருக்கிற குடும்பங்களில், தாத்தா ஓட்டிய கார் என்று ஒன்று ஷெட்டில் கிடக்கும். விற்கவும் மனசு வராது, ஓட்டவும் முடியாது. அதெல்லாம் இவரிடம் வரும்.

கார்பரேட்டருக்குள்ளே ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. இஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். துளை அடைத்தால் வண்டி இழுக்காது, பெரிதானால் கரும்புகை கக்கும். கண்ணால் பார்த்து அதை அளக்க முடியாது. ஆகவே சுவரில் ஒரு டின்னை மாட்டி, அதிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைக் கீழே இறக்கி, அதன் முனையில் ஜெட்டைப் பொருத்துவோம். ஒரு நிமிஷத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று கோடு போட்ட கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்க்க வேண்டும். டின்னில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பெட்ரோலிலேயே பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். நான் பிறந்தது பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த எம். புதுப்பட்டி. திறந்த பாத்திரத்தில் பெட்ரோல் ஒழுகுகிற இடத்தில் உட்கார என் உடம்பு ஒத்துக்கொள்ளாது. நல்ல ஜெட்டோடு கெட்டதை ஒப்பிட்டுப் பார்க்கத் தண்ணீரே போதும்.

இவருக்குக் கண் மங்கி, குழலின் கோடு தெரியாமல் போனபோது, "ஏ புள்ள, இந்தக் கோடு எதுன்னு வாசி" என்று ஒருநாள் கூப்பிட்டார். அதோடு அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. பெஞ்சு சுவரைப் பார்த்துக் கிடக்கும். வருகிற ஆண்களுக்கு என் முதுகுதான் தெரியும். வேற்று ஆள் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவளுக்கு அது தோதாக இருந்தது. அந்த வீட்டில் நான் நின்று செய்த வேலைகள் ஏராளம். உட்கார்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

இரண்டாயிரம் பிறந்து ரெண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மழையில்லாத கோடை. ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டே தெரு கிடந்தது. போர் தண்ணீர் உப்பு; ஜெட்டில் விட்டால் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்து துளையை அடைத்துவிடும். எனக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஒரே குடம் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டித் திரும்பத் திரும்ப விடுவேன். தெருப் பெண்கள் விட்டார்களா?

"குடிக்க நாதியில்ல, இவுக ஓட்டைக்குத் தண்ணி காட்டுதாக!"

"கார் பெட்ரோல்ல ஓடுமா தண்ணியில ஓடுமா, மதினி? சொல்லுங்க, எங்க வீட்டு வண்டிக்கும் ஊத்திக்கிடுதோம்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்த வேலையை விடவில்லை.

கொழுந்தனுக்கோ அந்த மூலையில்தான் கண். காற்றடிக்கிற மிஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். பெஞ்சைத் தூக்கினால்தான் அதற்கு இடம்.

அப்போதுதான் சிவகாசிப் பிரஸ்காரர் ஒருவருடைய தாத்தா கார் வந்தது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போக வேண்டுமாம். அவர்களுக்குப் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அங்கிருக்கிற போர்மேன்தான் ஓட்டிவந்தார். பட்டறை வாசலில் நிறுத்தியபோது புகையில் தெருவே கறுத்துவிட்டது.

"ஆமத்தூர்கிட்ட ரெண்டு பேரு ஓடியாந்துட்டாக அண்ணாச்சி. எந்தக் கம்பெனி வெடிச்சிருச்சுன்னு கேக்காக!" என்று அவரே சிரித்தார்.

கொழுந்தன் எட்டிப் பார்த்தார். "இதத் தூக்கிப் போட்டுட்டு வேன் கார்பரேட்டர் ஒண்ண மாட்டி விடுங்க. எதுக்கு இந்தத் தண்ணி வித்தை?"

"ஜெட்டப் பாக்காம மாட்ட மாட்டேன்" என்றார் இவர்.

"சரி. இந்தக் காரு புகை இல்லாம வீடு போய்ச் சேரட்டும், மதினி அங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா பெஞ்சு வெளிய போகுது. சம்மதமா?"

என்னைக் கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் என் இடத்தைப் பந்தயம் வைத்தார்கள். திரும்பாமலே, "சம்மதம்" என்றேன். கொழுந்தன் என் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காரின் ஜெட்டில் தண்ணீர் விட்டேன். பிறகு அதே அளவு எண் வெட்டிய நல்ல ஜெட் ஒன்றை இவர் பெட்டியிலிருந்து எடுத்து விட்டேன். நல்லது எங்கே நின்றதோ அதற்கு மேலே ரொம்ப தூரம் ஏறி நின்றது கார் ஜெட்டில் இறங்கிய தண்ணீர். குமிழியாக இருக்குமோ என்று குழாயைத் தட்டித் தட்டி மறுபடி பார்த்தேன். அதே கதைதான். அந்த நல்ல ஜெட்டையே மாட்டலாமென்றால் அதன் மரை வேறு காருடையது, இதில் ஏறாது.

"இதுக்குள்ள யாராச்சும் எதையாச்சும் விட்டீகளா?" என்று இவர் போர்மேனைக் கேட்டார்.

"நாந்தான் அண்ணாச்சி, அழுக்கெடுத்தேன். அணுகுண்டுக்குத் திரி சொருகத் துளை போடுவோம்லா, அந்தக் குத்தூசி. பயப்படாதீக, இரும்பு இல்ல. பித்தளை ஊசி. பித்தளைக்குப் பித்தளை ஒண்ணும் செய்யாதுல்லா?"

மருந்துக்கிட்டே இரும்பைக் கொண்டுபோகாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் எங்களுடையது. பித்தளை என்றால் பத்திரம் என்பது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. சின்னப்பிள்ளையில் நானும் அதே ஊசி பிடித்தவள்தான். என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"பொறி வராதுங்கறது சரிதாண்ணே. துளை விரியாதுன்னு யாரு சொன்னா?"

"அது வாஸ்தவந்தான்க்கா" என்று அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "உள்ள போகலையேன்னு ரெண்டு தட்டு வேற தட்டுனேன்."

இவர் துளையை ஈயம் வைத்து அடைத்து, லேத்துக்காரரிடம் கொடுத்து, வேண்டியதைவிடச் சின்னதாக ஒரு துளை போட்டு வாங்கிவந்தார். மிச்சம் என் வேலை. தையல் நூலில் பித்தளை பாலீஷ் தடவி, துளைக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். கழுவி, தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தால் மறுபடி இழுக்கலாம். கூடிப்போனால் திரும்ப ஈயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மெல்ல மெல்ல ஏற்றி, நல்ல ஜெட் நின்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் டின் காலி. குடமும் காலி.

"காரு ரேடியேட்டர் காஞ்சு கெடந்துச்சு மதினி. ஊத்திட்டேன்" என்றார் கொழுந்தன், வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே. முகத்தில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் சொல்லமாட்டார்.

எங்களுக்கும் கொழுந்தன் குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அடுப்படியில் எல்லாருக்குமாக ஒரு எவர்சில்வர் குடம் குடிதண்ணீர் மூடியிருந்தது. அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரியாது. இடுப்பில் எடுத்துவைத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு நடந்தேன். போர்மேன் இருந்தார், பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் டின்னில் ஊற்றினேன்.

"மதினி! அது குடிக்கிற தண்ணி!"

"நீங்க ஊத்துனதும் குடிக்கிற தண்ணிதான்."

"அப்ப நாங்க என்னத்தக் குடிக்க?"

"கடையில பன்னீர் சோடா இருக்கு. வாங்கிக் குடிங்க."

காருக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்தது: "எனக்கும் ஒண்ணு சொல்லுலே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நூலை இரண்டு முறை இழுத்தேன், கழுவினேன், விட்டேன். தண்ணீர் ஏறி, நல்ல ஜெட் நின்ற கோட்டிலேயே நின்றது.

மாட்டி ஸ்டார்ட் செய்தபோது முதலில் பழைய புகை வந்தது. எனக்கு உயிரே இல்லை. பிறகு வெளுத்தது, பிறகு இல்லை. நின்ற இடத்தில் ஓடும்போது மட்டும் கொஞ்சம் உதறியது. அதை இவராலும் சரிசெய்ய முடியவில்லை. போர்மேன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சிவகாசி போய்ச் சேர்ந்து, புகை இல்லை என்று போன் பண்ணினார்.

அப்படியும், வேறொரு காரின் ஜெட்டை நான் அளந்துகொண்டிருந்தபோது, காற்று மிஷின் லோடு ஆட்டோவில் வந்து நின்றது.

"வந்துருச்சுல்லா மதினி. கொஞ்சம் எந்திரிங்க, வச்சுப் பாத்துட்டு எடுத்துருவோம்."

வைத்ததை யார் எடுத்திருக்கிறார்கள்? "நிமிஷம் ஓடுது, இருங்க" என்றேன். நிமிஷம் முடிந்தது. குழலைக் கவிழ்த்துவிட்டு அதே ஜெட்டில் மறுபடி ஆரம்பித்தேன். அளக்க அதில் ஒன்றும் பாக்கியில்லை. மறுபடியும் கவிழ்த்தேன், மறுபடியும் பிடித்தேன். லோடுமேன்கள் தோளில் கயிற்றோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, வெயில் கொளுத்துது. எங்கன இறக்க?"

கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பினேன். லோடுமேன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "வெளிய தகர ஷீட்டுக்குக் கீழ இறக்குங்க." இறக்கினார்கள். மிஷின் அங்கேதான் இருந்தது. நான் உள்ளே இருந்தேன்.

பழைய கார்பரேட்டர் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. டின்னுக்கும் ஜெட்டுக்கும் எவ்வளவு உயரம் வைத்தோம் என்பது மறந்துவிட்டது. துளையை அடைத்தது ஈயம்தானா, பெட்ரோலில் அது நிற்குமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. இவர் இருந்தால் கேட்டிருப்பேன். தயவுசெய்து சரிபார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.